பழைய ரேஸிங் கேம்களை விண்டோஸ் 11-ல் ஓட்டும்போது செய்யக்கூடாதவை

கேம் ஓடவில்லை என்றதும் பெரும்பாலோர் நேராகப் போவது, கேமின் இயங்குகோப்பை ரைட்-கிளிக் செய்தால் ப்ராப்பர்டீஸில் வரும் கம்பாட்டிபிலிட்டி டேபுக்குத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு டிக், 640×480-க்கு ஒரு டிக், 256 வண்ணத்துக்கு ஒரு டிக். அந்த டேப் பழைய விண்டோஸை உயிர்ப்பித்துத் தருவதில்லை. சில சிஸ்டம் அழைப்புகளுக்கு மட்டும் பழைய மாதிரி பதில் சொல்ல வைக்கிறது. தேவையில்லாத டிக், ஓட வேண்டிய கேமையும் நிறுத்திவிடும். முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: இன்ஸ்டாலரிலா, அசல் சிடி இருக்கிறதா என்று பார்க்கும் சிடி சோதனையிலா, படம் வருவதிலா, ஓட்டுவதிலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

இன்ஸ்டாலரே திறக்கவில்லை என்றால் கேமைக் குறை சொல்ல வேண்டாம். 90களின் பல கேம்கள் 32-பிட் ஆக இருந்தும் அவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட். 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அந்தக் கேமுக்கென்று ரசிகர்கள் எழுதிய புதிய இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று தேடுவதே நல்ல வழி.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு சிடி சோதனையில் நடக்கிறது. 2000களின் முதற்பாதியில் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. அது விண்டோஸுக்குள் ஒரு டிரைவரை நம்பியிருந்தது. 2007-ல் அந்த டிரைவரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது: சாதாரணக் கணக்கில் நுழைந்த நிரல் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ள அது வழிவிட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கியது. இதை அறியாமல், டிரைவர்களின் கையொப்பச் சோதனையைத் தளர்த்தும் டெஸ்ட் மோடுக்கு விண்டோஸை மாற்றி, எங்கிருந்தோ எடுத்த பழைய டிரைவரைத் திணிக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். ஒரு கேமுக்காக வங்கிக் கணக்கு, கடிதங்கள், படங்கள் எல்லாம் இருக்கும் கணினியின் பூட்டைக் கழற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிஜிட்டல் கடைகளில் அந்தக் கேமின் தடுப்பு நீக்கிய பதிப்பு விற்பனையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஆன்லைன் சேவையான கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் கேட்டு நின்றுவிடும் கேம்களுக்கும் இதையே சொல்வேன். டர்ட் 3-க்கு 2015-ல் அந்தச் சேவையை நீக்கிய கம்ப்ளீட் எடிஷன் வந்தது.

டி3டிஎக்ஸ்9 (d3dx9) என்று தொடங்கும் டிஎல்எல் (நிரலுக்கான துணைக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் 12-ம் பதிப்பு இருந்தாலும் இந்தத் துணைக் கோப்புகள் விண்டோஸோடு வருவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் எல்லாம் மொத்தமாக வந்துவிடும்.

கருப்புத் திரை, சிதறிய படம் என்றால் டிஜிவூடூ2 (dgVoodoo2) போன்ற ராப்பர், அதாவது இடையில் நின்று மொழிபெயர்க்கும் நிரல், பெரும்பாலும் கைகொடுக்கும். பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளையும் 90களின் 3டிஎஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கே உரிய கிளைட் அழைப்புகளையும் அது இன்றைய டைரக்ட்எக்ஸுக்கு மாற்றித் தருகிறது. அதன் டிஎல்எல்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள், மற்ற நிரல்களும் குழம்பும். கேமின் இயங்குகோப்பு இருக்கும் ஃபோல்டரில், 32-பிட் கோப்புகளைப் போட்டால் போதும்.

புரோகிராம் ஃபைல்ஸில் பழைய கேமை நிறுவுவதும் வேண்டாம். விஸ்டா முதல் விண்டோஸ் அங்கே எழுத விடுவதில்லை. சேவ் கோப்புகளை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடும். சேவ் காணாமல் போனதாகப் பலர் நினைப்பது இதனால்தான். வேறொரு தனி ஃபோல்டர் போதும்.

படம் வந்ததும், நொடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் ரேட்டைக் கட்டவிழ்த்துவிடும் ஆசை வரும். பொறுங்கள். சில கேம்களில் காரின் இயற்பியலே ஃபிரேமோடு பிணைந்திருக்கிறது. 2013-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸ் 30 ஃபிரேமுக்கென்று கட்டப்பட்டது. வரம்பை மட்டும் 60 ஆக்கியவர்களுக்குக் கேமே இருமடங்கு வேகத்தில் ஓடியது. இன்னும் பழைய கேம்களில் கோளாறு இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. பிடிமானம் கொஞ்சம் மாறும், குதித்து விழுவது மாறும், நாமும் நமக்குத்தான் கை பழகவில்லை என்று எண்ணிக்கொள்வோம். ராப்பரிலோ கிராஃபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலிலோ 60-க்கு வரம்பு வைத்துத் தொடங்குங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒன்றையொன்று தின்பதுபோலத் தோன்றினால் கன்ட்ரோலர் பழுதில்லை. கன்ட்ரோலரைப் படிக்கும் புதிய முறையான எக்ஸ்இன்புட் வருவதற்கு முந்தைய கேம்கள், பழைய முறையான டைரக்ட்இன்புட் வழியாகப் படிக்கின்றன. அதில் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்குமான இரண்டு டிரிகரும் (பின்பக்க விசைகள்) ஒரே அச்சு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கணக்கு பூஜ்யம். வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் தொடுபவர்களுக்கு இது பெரிய இழப்பு. பிரேக்கை ஒரு பட்டனுக்கு மாற்றலாம். அழுத்தத்தின் அளவு முக்கியம் என்றால் டிரிகர்களைத் தனித்தனி அச்சாகப் பிரித்துத் தரும் இடைநிலை நிரலைத் தேடுங்கள்.