திருச்சியில் ஏறி காரைக்குடியைச் சுற்றி வரலாம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் பி-17 ஓட்டப் பழகும் முறை

சிமுலேட்டரில் சின்ன செஸ்னா விமானத்தை ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்கள் அடுத்து கேட்பது பெரும்பாலும் ஜெட். என்னைக் கேட்டால், அதற்கு முன் பி-17 என்ற பழைய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிப் பாருங்கள் என்பேன். நான்கு பிஸ்டன் இன்ஜின், வாலில் சக்கரம், கம்ப்யூட்டர் உதவி எதுவும் கிடையாது. நீங்கள் சொன்னதை உடனே செய்யவும் செய்யாது. திராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியைக் கூட்டினால் வேகம் ஏறக் கொஞ்ச நேரம், குறைத்தால் இறங்க அதைவிட அதிக நேரம். அதனால் எதையும் தேவைப்படுவதற்கு முன்னாடியே செய்தாக வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைக்கு வரத்தான் கீழே உள்ள அத்தனையும்.

எந்த விமானம், எந்த மென்பொருள்

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஃப்ளைட்கியர் போதும், முழுக்க இலவசம். அதன் விமானப் பட்டியலில் பி-17 என்று தேடி இறக்கிக்கொள்ளுங்கள். வேறு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம், விசைகள் மட்டும் மாறும்.

பி-17 முதலில் பறந்தது 1935 ஜூலை 28 அன்று. மொத்தம் 12,731 விமானங்கள் செய்தார்கள். பெரும்பாலானவற்றில் தலா 1,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு ரைட் சைக்ளோன் இன்ஜின்கள், இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிட்டத்தட்ட 104 அடி. உண்மையைச் சொன்னால் நம் பக்கத்து வானத்துக்கு அதிகம் பொருந்துவது பி-24 லிபரேட்டர்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர்களைச் சரிசெய்து நம் விமானப்படை 1968 வரை ஓட்டியது. இருந்தாலும் கற்றுக்கொள்ள பி-17 சாதுவான விமானம், சின்னத் தப்பு செய்தால் பொறுத்துக்கொள்ளும்.

கருவி என்று பார்த்தால், முறுக்கினால் ரட்டர் (வாலில் செங்குத்தாக இருக்கும் சுக்கான்) திரும்பும் ஜாய்ஸ்டிக் கட்டாயம் வேண்டும். கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு வால் சக்கர விமானத்தை ரன்வேயில் நேராக ஓட்டுவது வீண் பாடு. இன்னொன்று, ஃப்ளைட்கியர் நிலக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இறக்கும். நம் ஊர் வளவு வீடுகளின் சுவர் கனத்துக்கு வைஃபை முகப்பைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வந்து சேராது. முதல் நாளே ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து திருச்சி முதல் காரைக்குடி வரையுள்ள பகுதியை இறக்கி வைத்துவிடுங்கள்.

தரையில் செய்ய வேண்டியது

விமான நிலையமாகத் திருச்சியைத் தேர்ந்தெடுங்கள், குறியீடு வி-ஓ-டி-ஆர். ரன்வே 27. நேரம் காலை, காற்று பூஜ்யம். முதல் பறப்புக்கு எரிபொருளைப் பாதிக்கும் கீழே குறைத்து, குண்டுச் சுமையை எடுத்துவிடுங்கள்.

இப்போது இன்ஜினைத் தொடாமல் ஜாய்ஸ்டிக்கை நான்கு பக்கமும் ஆட்டி, வெளிப்பார்வையில் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகள் அசைகின்றனவா என்று பாருங்கள். இது சடங்கு இல்லை. 1935 அக்டோபர் 30 அன்று இந்த விமானத்தின் முதல் மாதிரியே ஓஹையோவில் ரைட் ஃபீல்டில் ஏறிய கையோடு விழுந்து நொறுங்கியது. காற்றில் ஆடாமலிருக்கத் தரையில் போட்டிருந்த கட்டுப்பாட்டுப் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அனுபவசாலிகளே மறக்கிறார்கள் என்றால் ஞாபகத்தை நம்பக் கூடாது என்று விமானிகளுக்கான செக்லிஸ்டைப் போட்டார்கள். நீங்களும் ஒரு தாளில் தமிழில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசையாக:

1. பார்க்கிங் பிரேக் போடுங்கள். கியர் (சக்கரங்கள்) கீழே, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) மேலே.
2. இன்ஜினைச் சுற்றியுள்ள கவுல் ஃபிளாப்களை முழுக்கத் திறந்துவிடுங்கள். காற்றால் குளிரும் இன்ஜின் இது, தரையில் சீக்கிரம் சூடேறும்.
3. மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி) ஆட்டோ ரிச், ப்ரொப்பெல்லர் ஆர்.பி.எம். முழுக்க முன்னே, திராட்டில் ஓர் அங்குலம் போல.
4. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டும் ஆன் செய்து, ஒன்றாம் இன்ஜினைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட்டர். அது நிதானமாக ஓடி, எண்ணெய் அழுத்தம் ஏறிய பிறகுதான் இரண்டாவது. இப்படியே நான்கும்.

நிஜ விமானத்தில் இதற்கு முன் ஆட்கள் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவார்கள். நின்ற விமானத்தில் கீழ் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தங்கிவிடும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உடையும். சிமுலேட்டரில் அந்த வேலை மிச்சம். ஆனாலும் சூடேறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். "இன்னும் வண்டி கிளம்பலையா?" என்று அப்பத்தா எட்டிப் பார்த்துக் கேட்பார், கேட்கட்டும்.

ஓடுபாதை வரை

பி-17 தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நேர் முன்னால் என்ன இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து மெதுவாக நகருங்கள். திருப்பத்துக்கு பிரேக்கை மட்டும் நம்பாமல், உள்ளே இருக்கும் 2, 3 இன்ஜின்களைக் குறைந்த ஓட்டத்தில் விட்டுவிட்டு, வெளியே இருக்கும் 1, 4 இன்ஜின்களைக் கூட்டிக் குறைத்துத் திருப்புங்கள். இடப்பக்கம் திரும்ப வலக்கோடி 4-ஐ ஒரு நொடி கூட்டினால் போதும். திரும்பத் தொடங்கியதுமே எதிர்ப்பக்க இன்ஜினைக் கூட்டி நிறுத்தத் தயாராகிவிடுங்கள். திரும்பி முடித்த பிறகு நிறுத்தப் பார்த்தால் புல்வெளியில் நிற்பீர்கள்.

ஏறுதல்

ரன்வேயில் நின்றதும் சில அடி நேராக உருண்டு, வால் சக்கரத்தைப் பூட்டுங்கள். திராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டாம். நிதானமாக மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்) 46 அங்குலம் வரை, ஆர்.பி.எம். 2,500. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போவும் சேர்ந்து ஏறும் என்பதால் முள் 46-க்கு வருவதற்குச் சற்று முன்பே கையை நிறுத்துங்கள்.

மூக்கு இடப்பக்கம் இழுக்கும், ரட்டரைச் சின்னச் சின்னதாகத் தொட்டு நேராக்குங்கள். வேகம் கூடியதும் குச்சியை மெல்ல முன்னே விட்டால் வால் எழும். மணிக்கு 110 முதல் 115 மைல் வந்ததும் லேசாகப் பின்னிழுங்கள், தானாகவே தரையை விடும். இங்கே ஓர் எச்சரிக்கை: பி-17-இன் வேகமானி மைலில் காட்டும், ஃப்ளைட்கியர் திரையில் பச்சை எழுத்தில் வருவது பெரும்பாலும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்). 100 நாட் என்பது 115 மைல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இறங்கும்போது தொல்லை.

தரையை விட்டதும் பிரேக்கை ஒரு தொடு தொட்டுச் சுழலும் சக்கரத்தை நிறுத்தி, கியரை மேலே எடுங்கள். பிறகு ஏறும் சக்திக்கு வாருங்கள்: 38 அங்குலம், 2,300 ஆர்.பி.எம். இதில் ஒரு வரிசை உண்டு. சக்தியைக் குறைக்கும்போது முதலில் திராட்டில், பிறகு ஆர்.பி.எம். கூட்டும்போது முதலில் ஆர்.பி.எம்., பிறகு திராட்டில். மாற்றிச் செய்தால் குறைந்த சுழற்சியில் அதிக அழுத்தம் விழுந்து சிலிண்டருக்குக் கேடு. வேகத்தை 140 மைலில் பிடித்து 3,000 அடி வரை ஏறுங்கள்.

செட்டிநாட்டை நோக்கி

ரன்வே 27 மேற்கே பார்த்தது. இடப்பக்கம் திரும்பித் தெற்கே 175 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். விமானி இடப்பக்கம் உட்காருவதால் தரையும் நன்றாகத் தெரியும். விமானத்தை 20 டிகிரிக்கு மேல் சாய்க்காதீர்கள். பாரம் ஏற்றிய வைக்கோல் லாரியை எவ்வளவு தூரத்திலிருந்து ஒடிக்கத் தொடங்குவார்களோ, அப்படி 175 வருவதற்கு 10 டிகிரி முன்பே சாய்வை எடுக்கத் தொடங்குங்கள்.

3,000 அடியில் 30 அங்குலம், 2,000 ஆர்.பி.எம். வைத்து, கவுல் ஃபிளாப்பை மூடி, டிரிம் செய்துவிட்டால் (குச்சியைப் பிடிக்காமலே விமானம் அதே நிலையில் நிற்கும்படி சரிசெய்துவிட்டால்) கையை எடுக்கலாம். புதுக்கோட்டை வரும், பிறகு திருமயம். கானாடுகாத்தான், செட்டிநாடு பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். முதல் நாளே அதில் இறங்கும் ஆசை மட்டும் வேண்டாம். வழி தவறினால் கண்மாய்களை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், இந்தச் சீமையில் அவற்றைவிட நல்ல அடையாளம் கிடையாது. திருச்சியிலிருந்து சுமார் 20 நிமிடத்தில் காரைக்குடி. மேற்கே குன்றக்குடி மலையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே திரும்புங்கள்.

இறங்குதல்

புதியவர்கள் தோற்பது இங்கேதான், காரணம் எப்போதும் வேகம் அதிகம். திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 288 அடி, எனவே உயரமானியில் 1,300 என்றால் தரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் அடி. புதுக்கோட்டை தாண்டியதுமே இறங்கத் தொடங்கினால்தான் ரன்வேக்கு இணையாகப் பறக்கும்போது 1,300 அடியும் 145 மைலும் இருக்கும். கியரை அங்கேயே இறக்குங்கள். ஃபிளாப்பை 147 மைலுக்கு மேல் முழுதாக இறக்கக் கூடாது. முதலில் மூன்றில் ஒரு பங்கு, ரன்வேயை நேர் பிடித்த பின் முழுவதும்.

கடைசி நேர்கோட்டில் 120 மைல், ரன்வே விளிம்பில் 110. உயரம் போதவில்லை என்றால் மூக்கைத் தூக்காமல் திராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள், கூட்டியதற்குப் பலன் வரும்வரை பொறுங்கள். தரை நெருங்கியதும் திராட்டிலை முழுக்க எடுத்து, வாலைச் சற்றுத் தாழ்த்தி முன்சக்கரங்களில் உட்காரவிடுங்கள். துள்ளினால் முழு சக்தி கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள், அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள்.

உருண்டுகொண்டிருக்கும்போது ஃபிளாப்பை எடுக்க அவசரப்படாதீர்கள். போர்க்காலத்தில் பி-17 விமானிகள் பலர் இறங்கிய பிறகு ஃபிளாப் என்று நினைத்துக் கியரை மேலே எடுத்துவிட்டு வயிற்றில் சறுக்கினார்கள். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1943-இல் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் இதைக் கண்டுபிடித்து, கியர் பிடிக்குச் சக்கர வடிவமும் ஃபிளாப் பிடிக்கு ஆப்பு வடிவமும் கொடுக்கச் சொன்னார். உங்கள் ஜாய்ஸ்டிக்கிலும் இந்த இரண்டையும் அடுத்தடுத்த பட்டனில் வைக்காதீர்கள். கியரைக் கீபோர்டுக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

நின்ற பின் கவுல் ஃபிளாப்பைத் திறந்து, இன்ஜின்களைச் சிறிது நேரம் குறைந்த ஓட்டத்தில் ஆறவிட்டு, மிக்ஸ்சரை இழுத்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். இந்தச் சுற்று தடங்கலில்லாமல் வர ஆரம்பித்ததும், அடுத்த முறை புதுக்கோட்டைக்கு மேலே 4-ஆம் இன்ஜினை அணைத்துவிட்டு மீதி மூன்றோடு திரும்பி வரப் பாருங்கள்.