மூலையில் நட்ட காற்றுமானி: படகுத்துறை வெதர் ஸ்டேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரினா என்றதும் நமக்குச் சுண்டலும் மணலும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே நான் சொல்ல வந்தது அந்த மெரினாவை அல்ல, பாய்ப்படகுகளைக் கட்டிவைக்கும் படகுத்துறையை. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது 1911இல். இப்போது கடற்கரை நெடுகப் பாய்ப்படகுப் பயிற்சி நடத்தும் சின்னச் சின்ன இடங்கள் முளைத்திருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: "சார், எந்த வெதர் ஸ்டேஷன் வாங்கலாம்?"

தவறு இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது எங்கே நடுவது என்பதை. எதை நடுவது என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு பயிற்சி நிலையத்தில், "புது மெஷின் சரியில்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப் போகிறோம்" என்று கூப்பிட்டார்கள். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். கடலில் படகுகள் நன்றாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் பிள்ளைகளின் பாயைச் சுருக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அலுவலகத் திரையிலோ காற்று 6 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்), மேற்கிலிருந்து. அந்த நேரத்தில் நம் கரையில் வீசுவது தென்கிழக்குக் கடற்காற்று. மேற்கு எங்கிருந்து வந்தது? மாடியேறினால் விடை கிடைத்தது. கைப்பிடிச் சுவரில் இரண்டடிக் குழாய், அதன்மேல் காற்றுமானி. அதற்குத் தென்கிழக்கே ஐந்தடி தள்ளி ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. கடற்காற்று தொட்டியில் மோதிச் சுழன்று, பின்பக்கமாகத் திரும்பி வந்து கருவியைத் தொட்டது. கருவி பொய் சொல்லவில்லை. தொட்டியின் முதுகில் அடிக்கும் காற்றைத் துல்லியமாக அளந்து சொன்னது.

உலக வானிலை அமைப்பின் விதி எளிமையானது: காற்றுமானி திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், பக்கத்தில் ஏதாவது தடை இருந்தால் அதன் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். 6 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 60 மீட்டர். எந்தப் படகுத்துறையிலும் இது முழுசாகக் கிடைக்காது. கட்டடத்தை விட்டால் நிறுத்திவைத்த படகுகளின் பாய்மரங்கள், அவற்றை விட்டால் கிரேன். அதற்காக விதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, வயர் இழுக்க வசதியான மூலையில் நடுவதுதான் எல்லோரும் செய்வது. எது நமக்கு ஆபத்தான காற்று, அது எங்கிருந்து வரும் என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவதுதான் முறை. சென்னைக் கரையை எடுத்துக்கொண்டால் மூன்று பக்கமும் வேண்டும்: பிற்பகல் கடற்காற்றுக்குத் தென்கிழக்கு, தென்மேற்குப் பருவகாலச் சாயங்கால இடிமழையோடு பாயும் சூறைக்கு மேற்கு, ஐப்பசி கார்த்திகைக்கு வடகிழக்கு. இதில் பலர் மறப்பது மேற்கை. கடலைப் பார்த்தபடி கருவியை வைத்து, பின்னால் கட்டடம் மறைக்கிறதே என்று கவலைப்படாமல் விட்டுவிடுவார்கள். படகுகளைக் கவிழ்க்கும் சூறை பெரும்பாலும் அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்துதான் வரும்.

வேறு வழியே இல்லை, ஒரு பக்கம் மறைக்கத்தான் செய்கிறது என்றால் அதைத் திரைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: "மேற்குக் காற்று குறைத்துக் காட்டும்." வெட்கப்பட ஒன்றுமில்லை.

உயரத்திலும் இதே கதை. 10 மீட்டரில் 25 நாட் வீசும்போது 3 மீட்டரில், திறந்த நீர்ப்பரப்பின் மேல்கூட, ஏறத்தாழ 22தான் இருக்கும். மூன்று நாட்தானே என்று தோன்றும். ஆனால் பாயின்மேல் விழும் விசை வேகத்தின் இருமடியாக, அதாவது வர்க்கமாக, ஏறும். 22ஐயும் 25ஐயும் இருமடியாக்கிப் பாருங்கள்: 484, 625. கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அதிகம். கட்டடங்களுக்கு நடுவே என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே பட்ஜெட்டில் கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கி, கம்பத்துக்கு "வெல்டர்கிட்ட சொல்லி ஒரு பைப் போட்டுக்கலாம்" என்று விடாதீர்கள். சுமாரான கருவி நல்ல கம்பத்தில் நின்றால் போதும். நல்ல கருவி மொட்டைமாடிக் குழாயில் நின்று பயனில்லை.

மிதவை மேடையில் நடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மேடை ஆடும்போது பத்து மீட்டர் உச்சியும் ஆடும், அந்த ஆட்டமும் காற்றுக் கணக்கில் சேர்ந்துவிடும். மேடை சற்றே திரும்பினால் திசையும் திரும்பும். நிலையான தூணோ அலைதடுப்புச் சுவரோதான் இடம். துறைமுக எல்லைக்குள் என்றால் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி எண்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் கேட்டிருப்பீர்கள்: "சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்." அந்த "இடையிடையே"தான் பாய்ப்படகுக்காரர்கள் கஸ்ட் என்று சொல்வது. காற்றுக்கு ஒரு வேகம் கிடையாது, இரண்டு உண்டு. ஒன்று பத்து நிமிடச் சராசரி, மற்றது அதற்குள் மூன்று விநாடி பாய்ந்துவிட்டுப் போகும் உச்சம். திரையில் நொடிக்கு நொடி மாறும் ஒரே ஒரு பெரிய எண்ணை மட்டும் வைத்தால், கிளம்ப ஆசைப்படுகிறவர் அது 14 காட்டும் வரை நின்று பார்த்து, "பாருங்க, 14தான்" என்பார். சராசரியும் கடந்த பத்து நிமிட உச்சமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். கடந்த இரண்டு மணி நேர வரைகோடும் இருந்தால் நல்லது. ஈரப்பதம், யுவி குறியீடு, நிலவின் பிறை எல்லாம் அந்தத் திரையில் இடத்தை அடைக்கத்தான் உதவும்.

அலகை எழுதாமல் விடுவது இன்னொரு தவறு. "இருபது அடிக்குது" என்றால் எந்த இருபது? மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 11 நாட், சின்னப் பிள்ளைகளுக்கு அருமையான காற்று. விநாடிக்கு 20 மீட்டர் என்றால் 39 நாட், யாரும் கடலில் இருக்கக்கூடாது. கருவி பெட்டியிலிருந்து வரும்போது எந்த அலகில் இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாட் அலகுக்கு மாற்றிவிட்டு, அந்தச் சொல்லையும் எண்ணின் அளவுக்கே பெரிதாகக் காட்டுங்கள்.

திசை விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். எங்கிருந்து வருகிறது என்பதே காற்றின் பெயர் என்று மொழியே சொல்லிக்கொடுத்துவிட்டது. குழப்பம் வருவது கருவியை வடக்குப் பார்த்துத் திருப்பி வைப்பதில். இரும்புக் கம்பத்தில் ஏறி, கம்பத்தை ஒட்டினாற்போல் போனைப் பிடித்து, அதிலிருக்கும் திசைகாட்டியைப் பார்த்து முடுக்கிவிட்டு இறங்குவார்கள். போனிலுள்ள காந்த உணரி இரும்புக்குப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் வடக்கு என்று சொல்லும்.

நான் செய்வது நிழல் பார்ப்பது. தினசரி நாட்காட்டியில் அன்றைய சூரிய உதயம், அஸ்தமனம் போட்டிருக்கும். இரண்டுக்கும் நட்ட நடு நேரம்தான் உங்கள் ஊரின் உச்சிப்பொழுது. சென்னையில் அது சரியாகப் பன்னிரண்டு மணி அல்ல. பருவத்தைப் பொறுத்து 11.52லிருந்து 12.23 வரை நகரும். அந்த நிமிடத்தில் செங்குத்தான கம்பத்தின் நிழல் விழும் கோடு அசல் வடக்கு-தெற்குக் கோடு. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டு, கருவியின் வடக்குக் குறியை அதற்கு இணையாக வையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நிழலே இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். அதை வடக்கு என்று நினைத்து வைத்தால், தென்றல் முழுக்க வாடையாகிவிடும்.

சொந்தமாக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180 அல்ல. காற்று இரண்டு முறையும் வடக்கிலிருந்துதான் வந்தது. கூட்டி இரண்டால் வகுத்தால் தெற்கு என்று வந்து நிற்கும். திசையை வெக்டராக, அதாவது வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என்று இரண்டு கூறாகப் பிரித்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். பொறியியல் கல்லூரித் திட்டப்பணியாகச் செய்துகொடுத்த கருவிகளில் இந்தப் பிழையை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

வீட்டு உபயோகக் கருவிகள் அழுத்தத்தை வைத்துச் சூரியன், மேகம், மழை என்று படம் போட்டுக் காட்டும். நம் ஊரில் அந்தப் படத்தை அணைத்து வையுங்கள். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நாலு மணிவாக்கில் பள்ளம். இரவும் இதே ஆட்டம். பகலில் மட்டும் மூன்று நான்கு மில்லிபார் இறங்கிவிடும். அழுத்தம் இப்படிச் சீராக இறங்கினால் மழை என்பது குளிர்நாட்டுக் கணக்கு. அதை இங்கே கொண்டுவந்தால் பளீரென்ற மே மாத மத்தியானத்திலும் மேகப்படம் வரும். ஒரு வாரம் பொறுத்தவர்கள் அடுத்து எதையுமே நம்பமாட்டார்கள், அதுதான் பெரிய சேதம். இன்று காலை எட்டரை மணி அழுத்தத்தை நேற்று காலை எட்டரை மணியோடு ஒப்பிடுங்கள். அன்றாட ஏற்ற இறக்கம் கழிந்துபோய், உண்மையில் ஏதாவது நெருங்குகிறதா என்று தெரியும். கருவி இருக்கும் உயரத்தையும் அமைப்பில் சரியாகக் கொடுங்கள். எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிபார் மாறும். அப்புறம், உங்கள் கருவிக்கு உங்கள் கம்பத்தைச் சுற்றித்தான் கண். துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் திரையில் 8 நாட் காட்டினாலும் அன்று படகு இறங்கக்கூடாது.

இப்போதுதான் எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். கிண்ணம் சுழலும் வகை விலை குறைவு, பழுதும் புரியும். ஆனால் உப்புக் காற்றில் பேரிங் இறுகும். இறுகினால் ஒரேயடியாக நிற்காது, மாதாமாதம் கொஞ்சம் குறைத்துக் காட்டிக்கொண்டே போகும், யாருக்கும் தெரியாது. ஒலியலை போய்வரும் நேரத்தை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் வகையில் சுழலும் பாகமே இல்லை. விலை அதிகம், காக்கை வந்து உட்கார்ந்தால் குழம்பும். கம்பத்தில் ஏறி இறங்க ஆள் இருக்கும் கிளப்புக்கு முதல் வகையும் கூடவே மாற்று பேரிங்கும். ஏற ஆளில்லாத துறைக்கு இரண்டாவது வகையும் பறவை முள்ளும். எதுவானாலும் எத்தனை விநாடிக்கு ஒருமுறை எண் அனுப்புகிறது என்று பாருங்கள். டேவிஸ் வான்டேஜ் புரோ2 என்ற வெதர் ஸ்டேஷன் காற்றை இரண்டரை விநாடிக்கு ஒருமுறை அனுப்பும். மலிவான வீட்டு நிலையங்களில் சில 16 விநாடி எடுத்துக்கொள்ளும், பழையவற்றில் 48 விநாடியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கும்போது அலைவரிசையையும் கேளுங்கள். அமெரிக்க மாடல்கள் 915 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியிருப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி.

போல்ட்டு நட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியக் கிளாம்பில் ஸ்டீல் போல்ட்டை நேராக முடுக்கினால், உப்புநீர் நடுவில் புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். சுற்றுவட்டாரத்தில் உயரமான இரும்பு உங்கள் கம்பம்தான் என்பதால் எர்த்தும் இடிதாங்கியும் இல்லாமல் நடவே வேண்டாம்.

மின்சாரம் தேவைப்படும் நாளில்தான் மின்சாரம் இருக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வைஃபையை மட்டும் நம்பி, பதிவெல்லாம் இணையத்துக்கே போகும்படி அமைத்த நிலையத்தில், அப்படி ஒரு நாளில் மிஞ்சுவது வெற்று வரைகோடு. பேட்டரியும், கருவிக்குள்ளேயே பதிவு தங்கும் வசதியும் வேண்டும். சூரியத் தகட்டின் மேல் படியும் உப்பைத் துடைக்கவும் ஆள் வேண்டும்.

ஆள் என்றதும் கடைசித் தவறு ஞாபகம் வருகிறது. கான்கிரீட்டில் புதைத்து அசையாமல் நட்டுவிட்ட கம்பம். அடியில் கீல் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து படுக்கவைக்கும்படி செய்யாவிட்டால், நட்ட நாளுக்குப் பிறகு அந்தக் கருவியை யாரும் தொடமாட்டார்கள். நல்ல தண்ணீரில் கழுவுவதும் கிண்ணத்தை விரலால் சுற்றிப் பார்ப்பதும் மாதம் ஒருமுறை, அரை மணி நேர வேலை. நான் பார்த்துக்கொள்ளும் கம்பத்தைப் போன தடவை படுக்கவைத்தபோது, கிண்ணத்தின் அடியில் அரையடிக் கட்டுக்கம்பி செருகியிருந்தது, பக்கத்திலேயே இரண்டு குச்சிகளும். காக்கை கூட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறது. பதிவைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு முந்தைய பதினொரு நாளும் எங்கள் கடலில் காற்றே அடிக்கவில்லை.