பாம்பன் கரையில் பேச்சுத் தமிழைப் பதிவு செய்ய

பேச்சு சமூகத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சமூகமொழியியல் ஆய்வுக்குப் பாம்பன் கரையைக் களமாக எடுப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போவது நல்லது. விசைப்படகுக்காரர்கள் அப்போது பகலிலும் கரையில் கிடைப்பார்கள். வலையைச் சரிசெய்தபடியே பேசுவார்கள். பதிவுக்கான ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

காற்றுதான் பெரிய தொல்லை. கிளிப் மைக்கை நெஞ்சருகே குத்தி ரோம உறை போடுங்கள். வெறும் பஞ்சுறை இங்கே தாங்காது. வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். எம்பி3 வேண்டாம், உயிரெழுத்து ஒலிகளை அளக்கும்போது பிசகலாம்.

கேள்வித்தாளை நீட்டினால் பள்ளிக்கூடத் தமிழ்தான் வரும். உயிராபத்தில் சிக்கிய அனுபவத்தைக் கேட்பது அமெரிக்கச் சமூகமொழியியலாளர் வில்லியம் லபோவின் உத்தி. புயலைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக அவிழும். கடலில் ஆளை இழந்த வீட்டில் மட்டும் அதைக் கேட்காதீர்கள். சொற்பட்டியலை வாசிக்கச் சொல்வது கடைசியில்தான்.