டிரெய்லரோடு கொலம்பியா ஆற்றோரம்: காரில் போகிற நினைப்பில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து கொலம்பியா பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு, ஆற்றோடு மேற்கே அஸ்டோரியா வரை போய், அப்புறம் 101-வது நெடுஞ்சாலையைப் பிடித்து ஓரிகன் கடற்கரையில் இறங்குவது அருமையான ஒரு வாரப் பயணம். ஆனால் முதல் முறை டிரெய்லர் வாங்கியவர்கள் (நாங்களும்தான்) பின்னால் 25 அடி நீளத்துக்கு ஒரு வீடு வருகிறது என்பதை மறந்து, காரில் போகிற மாதிரியே திட்டம் போடுவார்கள்.

முக்கியமாக எடை. "என் வண்டி 5,000 பவுண்ட் இழுக்கும், டிரெய்லர் 4,800 தான், சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகப் போகவில்லை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற கொக்கி) வழியாக உங்கள் வண்டியின் முதுகில் உட்காரும், அதாவது 480 முதல் 720 பவுண்ட் வரை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். அது 1,200 என்றால், நாலு பேர் ஏறி, ஹிட்ச் எடையும் சேர்ந்ததுமே கணக்கு முடிந்துவிடும், ஐஸ் பெட்டி வைக்கக்கூட இடமில்லை.

அப்படியானால் டிரெய்லரின் முன்பக்கம் எடையைக் குறைத்துப் பின்னால் தள்ளலாமே என்று தோன்றும். அதைத்தான் நான் செய்தேன். அரிசி மூட்டை, கிரைண்டர், நாற்காலிகள் எல்லாம் பின்கட்டிலுக்கு அடியில். போதாததற்கு, சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர் டேங்கையும் வீட்டிலேயே முழுக்க நிரப்பிவிட்டேன், 40 கேலன், 330 பவுண்டுக்கு மேல். பள்ளத்தாக்கில் இருக்கிற ஹூட் ரிவர் ஊரை நெருங்கும்போது ஒரு லாரி கடந்து போனது, அவ்வளவுதான், பின்னால் டிரெய்லர் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், போகக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் (ஓட்டுநர் பக்கத்தில் அதற்கென்று இருக்கிற கருவியில்) கையால் அழுத்த வேண்டும். இதை வீட்டு வாசலில் நின்றபோதே பழகியிருக்க வேண்டும். தண்ணீரை முகாமுக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

அங்கே காற்று சும்மா அடிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாய்கிற அதே சங்கதிதான்: கோடையில் கிழக்குப் பக்கம் நிலம் காய்ந்து சூடாகும், கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று மலைத்தொடரில் இருக்கிற அந்த ஒரே வாசல் வழியாக நுழையும். பாய்மரப் பலகைக்காரர்கள் ஹூட் ரிவருக்குத் தேடி வருவதே அதற்காகத்தான். மத்தியானத்தில் அது வலுக்கும், அதனால் காலையிலேயே ஓட்டி முடித்துவிடுங்கள். சாயங்காலம் அசதியில் கூரைத் துணியை விரித்தபடி தூங்கிவிட்டால், காலையில் எழும்போது அது டிரெய்லர் மேல் மடங்கிக் கிடக்கும்.

கூகுள் மேப் சொல்கிற வழியையும் அப்படியே நம்பாதீர்கள். எதிர்க்கரைக்குப் போகிற ஹூட் ரிவர் பாலம் 1924-ல் கட்டியது, ஒரு லேன் ஒன்பதரை அடிகூட இல்லை, டிரெய்லரே எட்டு அடி அகலம். மல்ட்னோமா அருவிக்குப் பழைய நெடுஞ்சாலை வழியாகப் போகலாம் என்ற ஆசை வரும், 1910-களில் போட்ட அந்த ரோட்டில் வளைவும் கல்சுவரும்தான். டிரெய்லரை முகாமில் கழற்றிவிட்டுக் காரில் போய் வாருங்கள். ஆற்றோரத்து மெமலூஸ் முகாமுக்கு 84-வது நெடுஞ்சாலையில் மேற்கே வருகிற பக்கத்திலிருந்து மட்டும்தான் நுழைய முடியும், கிழக்கே போகிறவர்கள் தாண்டிப்போய் 76-வது எக்ஸிட்டில் திரும்பி வர வேண்டும். இரவு ரயில் சத்தமும் உண்டு, ஆற்றின் இரண்டு கரையிலும் சரக்கு ரயில்தான், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரிகன் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். ஜூலை சனிக்கிழமைக்கு ஜூனில் தேடுவது, தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் டிக்கெட் தேடுகிற கதை.

கழிவு டேங்க் பற்றி ஒரு வார்த்தை, சாப்பிடும்போது படிக்காதீர்கள். முகாமில் கழிவுக் குழாயை மாட்டியதும் கழிப்பறை டேங்க் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது குவிந்து காய்ந்துவிடும். மூடி வைத்து, முக்கால்வாசி நிரம்பிய பிறகு திறந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

அஸ்டோரியாவுக்கு நான் 30-வது ரோட்டைத்தான் சொல்வேன், ஆற்றோடே போகும். அங்கே ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் 1906-ல் தரைதட்டிய பீட்டர் ஐரடேல் கப்பலின் எலும்புக்கூடு மணலில் நிற்கிறது. அந்தக் கடற்கரையில் காரை இறக்க அனுமதி உண்டு, அதற்காக டிரெய்லரோடு இறங்கிவிடாதீர்கள், மணலில் புதைந்தபின் அலையேற்றமும் வந்தால் கயிறு கட்டி இழுக்க ஆள் தேட வேண்டும். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும், போர்ட்லாந்து வெயிலை நம்பி வந்தவர்கள் மூடுபனியில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கரையில் பெரிய மரக்கட்டைகள் கிடக்கும், பிள்ளைகள் ஏறி நின்று போட்டோ கேட்பார்கள். திடீரென்று வரும் ஒரு பேரலைக்கு அந்தக் கட்டை மிதந்து புரண்டுவிடும், இறக்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹிட்ச்சையும் அடிச்சட்டத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று அடுத்த பயணம் வரை காத்திருக்காது.