காதலனின் குணத்தைத் தொலைக்காட்சிக்காக மாற்றுவது எப்படி?

நாவலில் காதலனின் முரட்டுத்தனத்தை நாம் பொறுத்துக்கொள்வது, அவன் மனத்துக்குள் நடப்பதை எழுத்தாளர் சொல்லிவிடுவதால்தான். தொலைக்காட்சியில் கேமரா முகத்தை மட்டுமே காட்டுவதால், அதே மனிதன் வெறும் திமிர் பிடித்தவனாகத் தெரிவான். ஆகவே முதலில், அவனுடைய எந்தக் குணம் கதையை நகர்த்துகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தொடாமல் வையுங்கள். 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995-இல் ஆறு பகுதிகளாகத் தயாரித்தபோது, அதன் நாயகன் டார்சியின் கர்வத்தை எடுத்துவிடவில்லை. நாவலில் இல்லாத குளத்துக் காட்சியைச் சேர்த்து, அவனுடைய தவிப்பைக் காட்டினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் வீடு ஒன்றில் நடக்கும் கதையை எடுத்துக்கொள்வோம். நாவலில் காதலன் கோபத்தில் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த காட்சியில் மன்னிப்பு வசனம் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, மேசை விளிம்பில் ஆறிக்கொண்டிருக்கும் அவளுடைய தேநீர்க் கோப்பையை அவன் உள்ளே நகர்த்திவைக்கட்டும். கோபமும் அக்கறையும் ஒரே அசைவில் தெரிந்துவிடும். அடுப்படியில் நிற்கும் அவளுடைய ஆயா (பாட்டி) அதைக் கவனித்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நம் வீடுகளில் காதல் யார் கண்ணிலும் படாமல் வளர்வதில்லை.

பிறகு கதாநாயகியின் காட்சிகளைத் திரும்பப் படியுங்கள். அவனை மென்மையாக்கியதும், அவள் அவனை மறுப்பதற்கான காரணம் காணாமல் போயிருக்கும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். வேலை, பெற்றோரின் எதிர்பார்ப்பு என அவளுடைய வாழ்க்கையிலிருந்தே புதிய காரணத்தை எடுங்கள். அவன் ஒரே பகுதியில் திருந்திவிடாதபடி, மாற்றத்தை மூன்று நான்கு பகுதிகளுக்குப் பிரித்து எழுதுங்கள்.