ஆக்‌ஷன் கதைக்கு லாக்லைன் எழுதுவது எப்படி? ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பயிற்சி

திரைக்கதை எழுதி முடித்துவிட்டீர்கள். தயாரிப்பாளரோ நாயகனோ முதலில் கேட்கப்போவது “கதை என்ன, ஒரு வரியில சொல்லுங்க” என்பதைத்தான். அந்த ஒரு வரிதான் லாக்லைன். நம் கோடம்பாக்கத்து வழக்கில் ஒன்லைன். போஸ்டரில் போடும் பஞ்ச் வசனம் வேறு. அது ஆவலைத் தூண்டினால் போதும். லாக்லைன் கதையையே சொல்ல வேண்டும்: யார், அவருக்கு என்ன நேர்ந்தது, என்ன செய்தாக வேண்டும், யார் தடுக்கிறார்கள், தோற்றால் என்ன போகும்.

ஆக்‌ஷன் கதை எழுதுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தலையில் ஓடுவது முழுக்கச் சண்டைக்காட்சி. ஆனால் கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியது, அந்த ஆள் ஏன் சண்டைபோட்டே ஆக வேண்டும் என்பதுதான். அந்தக் கட்டாயம் இல்லாத லாக்லைனில் எத்தனை குண்டு வெடித்தாலும் எடுபடாது.

ஒரு உதாரணத்தை வைத்தே போவோம். வழக்கமாக வரும் முதல் வடிவம் இப்படி இருக்கும்:

“முருகன் ஏற்காட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு கசப்பான கடந்தகாலம் உண்டு. ஒருநாள் எதிர்பாராத சம்பவம் ஒன்று நடக்க, அவன் வாழ்க்கையே தலைகீழாகிறது. அநியாயத்தை எதிர்த்து அவன் எடுக்கும் முடிவு என்ன என்பதே மீதிக் கதை.”

நான்கு வாக்கியம் படித்தும் ஒன்றுமே தெரியவில்லை. ‘எதிர்பாராத சம்பவம்’, ‘என்பதே மீதிக் கதை’ இரண்டும் விமர்சனம் எழுதுகிறவருக்கு உதவும். படம் எடுக்க வந்தவருக்கு உதவாது. நீங்கள் மறைத்து வைப்பதைத்தான் அவர் வாங்க வந்திருக்கிறார்.

படி 1: பெயரை எடுங்கள், ஆளை வையுங்கள்

முருகன் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. தொழிலைச் சொல்லுங்கள், கூடவே இந்தக் கதையில் அவருக்கு இடைஞ்சலாக இருக்கும் ஒரு குணத்தையோ காயத்தையோ சொல்லுங்கள். ‘நேர்மையான’, ‘துணிச்சலான’ வேண்டாம், எல்லா நாயகர்களும் அப்படித்தான். நம் ஆளுக்கு: விபத்துக்குப் பிறகு மலைப்பாதையில் ஸ்டியரிங் தொடவே அஞ்சும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இவரை அடிவாரச் சாலையில் ஓடவிட்டால் கதை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு மலைப்பாதையில் இறக்கிவிட்டால் கதை தானாகவே நகரும்.

படி 2: வேலையைக் கொடுங்கள், கெடுவையும் கொடுங்கள்

‘நீதிக்காகப் போராடுகிறான்’ என்பதைக் காட்சியாக எடுக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலை வேண்டும். சந்தன மரக் கடத்தல்காரர்களிடம் குண்டடிபட்ட வனக்காவலரை ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்பது திரையில் தெரிந்துவிடும்.

படி 3: எதிராளியை அருகில் கொண்டுவாருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. வழிமறிப்பது வெறும் கடத்தல் கும்பல் என்றால் அடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். கும்பலின் தலைவன் ஓட்டுநரின் சொந்தத் தம்பி என்றால்? வனக்காவலர் பிழைத்துச் சாட்சி சொன்னால் தம்பி சிறைக்குப் போவான். சொல்லாமல் செத்தால், அந்தப் பழைய விபத்துக்குப் பிறகு இரண்டாவது முறையாக ஒரு உயிர் ஓட்டுநரின் கையிலேயே போகும். இப்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். சண்டைக்காட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே கதையின் எடை கூடிவிட்டது.

படி 4: ஒரே வாக்கியமாகக் கட்டுங்கள்

ஆங்கிலத்தில் 25 முதல் 35 சொற்கள் வரை என்பார்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதைவிடக் குறைவிலேயே முடித்துவிடலாம். ஆனால் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆளைப் பற்றிய அடைமொழி எல்லாம் ஆளுக்கு முன்னால் வரும். ‘மனைவியை இழந்து ஊரைவிட்டு வந்து மலையில் குடியேறி விபத்தில் சிக்கிய ஓட்டுநர்’ என்று எழுதினால், ஓட்டுநர் வருவதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார். ஒரு ஆளுக்கு ஒரு அடைமொழித் தொடர் போதும். அப்புறம், வாக்கியத்தின் கடைசியில் இருப்பதுதான் காதில் நிற்கும். பலமான துருப்புச்சீட்டை அங்கே வையுங்கள்.

“விபத்துக்குப் பிறகு மலைப்பாதையில் ஸ்டியரிங் தொடவே அஞ்சும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், குண்டடிபட்ட வனக்காவலரை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்காட்டிலிருந்து சேலம் சேர்க்க வேண்டும், வழிமறிப்பதோ, காவலர் பிழைத்தால் சிறைக்குப் போகவிருக்கும் சொந்தத் தம்பி.”

படி 5: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

ஒரே மூச்சில் சொல்ல வர வேண்டும். திணறும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள். சினிமாவோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம் சொல்லி, அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்றால் சரி. “யாருடைய தம்பி?” என்றால் திருத்த வேண்டும். சேலத்துக்காரர் ஒருவர் “குப்பனூர் வழியா இறங்கிடலாமே?” என்று கட்டாயம் கேட்பார். மழையில் மண் சரிந்து அந்த வழி அடைபட்டிருக்கிறது என்ற பதில் திரைக்கதையில் இருக்கட்டும், லாக்லைனில் திணிக்க வேண்டாம்.

சேலத்தில் கதைக்குப் பஞ்சம் கிடையாது. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956-ல் தந்தது இங்கிருந்துதான். செய்தித்தாளும் கதை தரும். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூர் போன ரயிலில், வங்கிப் பணம் இருந்த பெட்டியின் கூரையை வெட்டி 5 கோடி ரூபாய்க்கு மேல் கொள்ளையடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வங்கியில் செலுத்த டிசம்பர் 30 வரை அவகாசம். கெடுவைச் செய்தியே கொடுத்துவிட்டது பாருங்கள்! அதிலிருந்து ஒரு கற்பனைத் திருடனை வைத்து எழுதினால்:

“ஓடும் ரயிலில் கொள்ளையடித்த கோடிகள் ஒரே இரவில் செல்லாக்காசாகிவிட, கெடுவுக்குள் அவற்றை மாற்றத் துடிக்கும் இளம் திருடனைக் காவல்துறையும் கூட்டாளிகளும் துரத்துகிறார்கள்.”

பரவாயில்லை, ஆனால் முழுமையாகவில்லை. வாக்கியத்தில் மற்றவர்கள் துரத்துகிறார்கள், திருடன் ஓடுகிறான், அவ்வளவே. அவனாக எடுக்கும் முடிவு எது? பணம் போனால் அதோடு வேறு எதுவும் போகுமா? இந்த இரண்டுக்கும் பதில் வைத்து நீங்களே திருத்தி எழுதிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பதிப்புரிமைச் சட்டம் வெறும் கருவைக் காப்பாற்றாது, எழுதிய வடிவத்தைத்தான் காக்கும். உச்ச நீதிமன்றம் 1978-லேயே நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் லாக்லைனை நாலு பேரிடம் சொல்லக் கிளம்பும் முன், கதைச் சுருக்கத்தையாவது முழுதாக எழுதி, சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யும் வழியைப் பாருங்கள்.