சுருக்கிய பின்னங்களை வரிசையாக எழுதும் நிரல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேர் மடிக்கணினியோடு வருவார்கள். சென்ற வாரம் அவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். 0 முதல் 1 வரை, பகுதி எண் 10,000-ஐத் தாண்டாத சுருக்கிய பின்னங்கள் அனைத்தையும் ஏறுவரிசையில் தர வேண்டும். மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்து ஒரே தவறை எழுதினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வரிசைக்கு ஃபேரி வரிசை என்று பெயர். பகுதி எண்ணின் உச்ச வரம்பு 5 என்றால் 0/1, 1/5, 1/4, 1/3, 2/5, 1/2, 3/5, 2/3, 3/4, 4/5, 1/1 எனப் பதினொரு பின்னங்கள். ஜான் ஃபேரி என்ற நிலவியலாளர் 1816-இல் இதைப் பற்றி எழுதினார். ஆரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1802-இலேயே இதைக் கண்டிருந்தார். இதன் பண்புக்கு நிரூபணம் தந்தவர் கணிதவியலாளர் கோஷி.

2/4-ஐயும் 1/2-ஐயும் தனித்தனியாக எண்ணுவது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். முதல் ஓட்டத்திலேயே அவை கண்ணில் பட்டுவிடும்.

எல்லாவற்றையும் குவித்துவிட்டு அடுக்குவது

ஒவ்வொரு பகுதி எண்ணுக்கும் ஒவ்வொரு தொகுதி எண்ணையும் எடுத்து, மீப்பெரு பொது வகுத்தி 1 தானா என்று பார்த்து, ஆம் என்றால் பட்டியலில் போட்டு, கடைசியில் பட்டியலை வரிசைப்படுத்துவது. பார்வைக்கு நேர்மையான வழி. வரம்பு 100 என்றால் 3,045 பின்னங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் சிறிய சோதனையில் இது ஒருபோதும் தோற்காது. வரம்பு 10,000 ஆனால் ஐந்து கோடி இணைகளைச் சோதிக்க வேண்டும். அவற்றில் நூற்றுக்கு 39 வீண். எஞ்சும் மூன்று கோடிச் சொச்சம் பின்னங்களைப் பைத்தான் நிரல்மொழியில் பின்னப் பொருள்களாக வைத்தால் நினைவகத்தில் பல ஜிகாபைட் போய்விடும். வரிசைப்படுத்தி முடியும்வரை ஒரு விடைகூடக் கைக்கு வராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவருக்கு, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு வார்ம் தண்டு (பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகுத் தண்டு) வெட்டும் வேலை வந்தது. வார்ம் மரையின் இடைவெளியில் பை (π) வரும்: மாடியூல் என்ற பல் அளவைப் பையால் பெருக்க வேண்டும். இரண்டு மாடியூல் என்றால் 6.2832 மில்லிமீட்டர். அவருடைய லேத்தில் வெட்டும் கருவியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் மரை இடைவெளியோ 6 மில்லிமீட்டர். எனவே 3-ஐப் பையால் வகுத்தால் வரும் 0.95493 என்ற விகிதத்துக்குப் பல்சக்கரங்களைச் சேர்க்க வேண்டும். 339/355 மிக நெருக்கம்தான். ஆனால் அதற்கு 113 பல்லும் 71 பல்லும் வேண்டும். பட்டறையில் இரண்டும் இல்லை. நெருக்கமான வேறு பின்னங்களைத் தேடித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இரண்டு இணைச் சக்கரம், ஒவ்வொன்றிலும் அதிகம் போனால் நூறு பல், ஆக நூறு பெருக்கல் நூறு என்று கணக்கிட்டு வரம்பைப் பத்தாயிரமாக வைத்தேன். குவித்தேன். அடுக்கத் தொடங்கினேன். ஆடிக்காற்று அடித்த இரவு அது. இரண்டு மணிக்கு மின்சாரம் போனது, எல்லாம் போனது. மறுநாள் மறுபடி ஓட்டினேன், நினைவகம் நிரம்பி நின்றது. "தம்பி, கணக்கு வந்ததா?" என்று அவர் மூன்று நாள் கேட்டார். அந்த மூன்று நாளும் அவருடைய லேத் வேலையில்லாமல் நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மீது கோபம் வருகிறது.

அந்த வரிசையை நாம் அடுக்கவே வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு பின்னங்கள் அ/ஆ, இ/ஈ என்றும் வரம்பு ந என்றும் கொள்வோம். ந-வையும் ஆ-வையும் கூட்டி ஈ-யால் வகுத்து, ஈவின் முழு எண்ணை மட்டும் எடுங்கள், அது ம. அடுத்த பின்னத்தின் தொகுதி ம × இ − அ, பகுதி ம × ஈ − ஆ. வரம்பு 5-இல் 1/3, 2/5 என்றால் 5 + 3 = 8, அதை 5-ஆல் வகுத்தால் ம = 1. தொகுதி 2 − 1, பகுதி 5 − 3. விடை 1/2. 0/1, 1/ந என்ற இணையில் தொடங்கினால் போதும். நான்கு முழு எண்கள்தான் நினைவகத்தில் இருக்கும். பொது வகுத்தி பார்க்க வேண்டாம், பின்னம் தானாகவே சுருங்கிய நிலையில் வரும்.

வரிசையின் நடுவிலிருந்தும் நடக்கலாம். 21/22 என்பது 0.95454, நமக்கு வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் வலப்பக்க அண்டைப் பின்னம் எது? அடுத்தடுத்த பின்னங்களில் ஆ × இ − அ × ஈ எப்போதும் 1 என்பதால் 22 × இ − 21 × ஈ = 1 ஆக வேண்டும், ஈ பத்தாயிரத்துக்குள் இயன்ற அளவு பெரிதாக இருக்க வேண்டும். மீப்பெரு பொது வகுத்தி காணும் யூக்ளிட் முறையை நீட்டினால் 9535/9989 கிடைக்கிறது. அங்கிருந்து 339/355 வரை நடந்தால் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பின்னங்கள். மூன்று கோடி எங்கே, பன்னிரண்டாயிரம் எங்கே!

அண்ணாச்சிக்குக் கடைசியில் கொடுத்த விடை 360/377. 40, 90 பற்கள் ஒரு பக்கம், 65, 58 மறுபக்கம். 58 பல் சக்கரம் ஒன்றை மட்டும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. ஒரு மரைக்குப் பிழை 0.00015 மில்லிமீட்டர்.

வரம்பை ஊதிப் பெருக்குவது

அந்த 377-ஐப் பாருங்கள். வரம்பு 400 போதுமாயிருந்தது.

தன்னையே அழைக்கும் நிரல்

இரண்டு பின்னங்களின் தொகுதிகளைக் கூட்டி, பகுதிகளைக் கூட்டி, நடுவில் ஒரு பின்னத்தைப் பிறப்பிக்கும் முறை அழகானது. பாரிஸ் கடிகாரத் தொழிலாளி புரோகோ 1861-இல் பல்சக்கர விகிதம் தேட இதையே பயன்படுத்தினார். ஆனால் தன்னையே அழைக்கும் நிரலாக இதை எழுதினால் 1/2, 1/3, 1/4 என்று இடது ஓரத்தில் 1/ந வரை இறங்க வேண்டும். பைத்தான் இயல்பாக அனுமதிக்கும் ஆழம் ஆயிரம்தான். வரம்பு அதைத் தாண்டினால் நிரல் பாதியில் விழும்.

தசமத்தைக் கொண்டு ஒப்பிடுவது

32 பிட் தசம எண்ணில் 4999/5000-உம் 5000/5001-உம் ஒரே எண். "இரட்டையை நீக்கு" என்று நிரலுக்குச் சொன்னால் அது உண்மையான ஒரு பின்னத்தைத் தின்றுவிடும், பிழைச் செய்தியும் வராது. 64 பிட்டில் இந்த அளவு வரம்புகளுக்குச் சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனாலும் குறுக்குப் பெருக்கல் செய்து முழு எண்களை ஒப்பிடுங்கள்.

ம-வைத் தசம வகுத்தலால் காண்பது

முழு எண் வகுத்தலைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

எண்ணிக்கைக்காக வரிசையை எழுதுவது

வரம்பு பத்து லட்சம் என்றால் பின்னங்கள் 30,396 கோடிக்கு மேல். நடந்து தீராது. ஒவ்வோர் எண்ணுக்கும், அதைத் தாண்டாத எண்களில் அதனோடு மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக உள்ளவை எத்தனை என்று சொல்லும் ஆய்லரின் சார்பைச் சல்லடை முறையில் கணக்கிட்டுக் கூட்டி, ஒன்றைச் சேருங்கள். சில நொடிகளில் விடை வரும்.

சரிபார்க்காமல் விடுவது

ஒவ்வோர் அடியிலும் ஆ × இ − அ × ஈ = 1. இதை நிரலுக்குள்ளேயே எழுதி வையுங்கள்.